வெறும் வண்டிக்கு நாற்பத்தொரு நொடி

எங்கள் கல்லேரிமேட்டில் ஆறு மாச காலம் நாங்கள் துக்கத்தை நொடிக்கணக்கில் சொல்லி வந்தோம். இன்னாருக்கு ஏழு, இன்னாருக்குப் பன்னிரண்டு என்று, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எவ்வளவு என்று சொல்லிக்கொள்வதைப் போலத்தான், டீக்கடை பெஞ்சில் ஒருவர் சொல்வார், இன்னொருவர் அவ்வளவுதானா என்பார், இல்லாவிட்டால் பாவம் என்பார், பிறகு பேச்சு மழைக்கோ கோழிப் பண்ணைக்கோ போய்விடும்.

இதற்கு மூல காரணம் பம்புக் கடை இளையப்பன். லாரிகளின் டீசல் பம்பைப் பிரித்துச் சேர்ப்பதில் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள், ஆனாலும் வேலை முடித்துக் கொடுத்த மறுநாளே பிக்கப் முன்ன மாதிரி இல்லையே என்று யாராவது வந்து நிற்பார்கள், பிக்கப் என்பது கையில் எடுத்துக் காட்டுகிற சாமானா, அவரவர் மனசுக்குத் தோன்றுவதுதானே, இதற்கு என்ன பதில் சொல்வது என்று நொந்து நொந்து, கடைசியில் கோயமுத்தூரில் ஒரு கண்காட்சியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மீட்டர் வாங்கிவந்தார். வயர் கிடையாது, லாரியின் முன் கண்ணாடியில் ரப்பரால் ஒட்டிவிட்டால் போதும், நின்ற வண்டி கிளம்பி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகிறதென்று அதுவே காட்டிவிடும். ஊருக்கு மேற்கே, திறந்துவைக்க வேண்டியவருக்குத் தேதி ஒத்துவராமல் கிடந்த புது பைபாஸ் ரோடு இரண்டு கிலோமீட்டருக்கு நூல் பிடித்தாற்போல் இருந்தது, அளப்பதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை.

முதன்முதலில் அவர் அளந்த வண்டி வசந்தாமணியுடையது. அவளும் அவள் புருஷன் தங்கமுத்துவும் பதினோரு வருஷம் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். முந்தின ஆவணியில் சோலாப்பூரில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நெஞ்சைப் பிடிக்கிறது என்று தங்கமுத்து ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகையில் படுத்தான், அடுத்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான். டாக்டரிடம் கடிதம் வாங்கினாள், பனிக்கட்டி வாங்கினாள், அவனை அதே பலகையில் படுக்கவைத்து, எண்ணூறு கிலோமீட்டரையும் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

ஊரே மாரில் அடித்துக்கொண்டு நின்றது. அவள் கேபினிலிருந்து இறங்கினாள், டயருக்குக் கல் வைத்தாள், யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். அன்று அழவில்லை, மூன்றாம் நாள் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை, பதினேழாம் நாள் லோடுக்குக் கிளம்பிவிட்டாள். அத்தனை மூட்டை வெங்காயத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தும் கண் கலங்காதவள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டாயிற்று. முதலில் சொன்னது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டுவோம், ஆனால் சிரித்தது எல்லோரும்தான், நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிரிக்காதது அவள் மகள் கனிஷ்கா ஒருத்திதான். அப்போது ஏழாவது படித்த பிள்ளை, அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. அப்பாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மாவிடம் என்ன பேசுவது என்று பேச்சை நிறுத்திக்கொண்டாள், சோறு போட்டால் சாப்பிடுவாள், துணி துவைத்து வைத்தால் உடுத்திக்கொள்வாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். தங்கமுத்துவின் அக்கா பாவாயி ராசிபுரத்திலிருந்து, பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடு, கல்நெஞ்சுக்காரியிடம் வளர்ந்தால் அதுவும் கல்லாகிவிடும் என்று வாரம் தவறாமல் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள். வசந்தாமணிக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பெண் மட்டும்தான். வருஷத் திதி வரைக்கும் என்னோடு இருக்கட்டும், அப்புறம் அவள் இஷ்டம் என்று பதில் சொல்லிவிட்டு, திதி வராமலே இருக்கக் கூடாதா என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒரு காலையில் இளையப்பன் அவள் வண்டியை பைபாஸில் நிறுத்தச் சொல்லி மீட்டரை ஒட்டினார். தானும் ஏறினால் எடை கூடிவிடும் என்று கீழேயே நின்றுகொண்டார், வெறும் வண்டியும் ஓட்டுகிற ஆளும் மட்டும், அதுதான் முறை என்றார். நாற்பத்தொரு நொடி ஆயிற்று. அந்த எஞ்சினுக்குப் பதினைந்துக்கு மேல் ஆகவே கூடாது. பம்பை இரண்டு தடவை பிரித்துச் சேர்த்தார், ஃபில்டரை மாற்றினார், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், மறுபடியும் நாற்பத்தொன்று. வண்டிக்கு வயசாகிவிட்டது அம்மிணி, இனி இதுதான் அதன் மட்டம் என்று சொல்லி, மீட்டரின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அந்த நாற்பத்தொன்றையே பூஜ்யமாக வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மீட்டர், அதிலிருந்து எத்தனை நொடி கூடுகிறது, எத்தனை குறைகிறது என்பதை மட்டும் காட்டியது.

மறுநாள் புது ரோட்டைப் பார்க்க வந்த டீக்கடை மாரப்பன், வண்டியில் ஏறி ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்றார். மீட்டர் எட்டு காட்டியது. அவர் இறங்கியதும் பூஜ்யம் காட்டியது, மறுபடி ஏறியதும் எட்டு. மாரப்பன் நனைந்தாலும் ஐம்பது கிலோ தேறமாட்டார். இளையப்பன் விடவில்லை, பத்து மூட்டை சிமெண்டை ஏற்றிப் பார்த்தார், ஒரே நொடிதான் கூடியது. மடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல இளையப்பா," என்று மாரப்பன் மடியை உதறிக் காட்டினார். "தை மாசத்துல போனாளே என்ற ஊட்டுக்காரி பொன்னாயி, அவ நெனப்புத்தான் இருக்குது."

அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. சோகம் இருக்கிற ஆள் ஏறினால் அந்த வண்டி மெதுவாகக் கிளம்புகிறது, அவ்வளவுதான் விஷயம், மற்ற லாரிகளில் ஏன் இப்படி இல்லை என்று கேட்பது அம்மை ஏன் ஒரு வீட்டில் இறங்கி அடுத்த வீட்டைத் தாண்டிப் போகிறது என்று கேட்பதைப் போலத்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பைபாஸில் கூட்டம் கூடியது. குளித்துவிட்டு வந்தார்கள், சாப்பிடாமல் வந்தார்கள், துக்க வீட்டிலிருந்து ஈரத் துணியோடு நேராக வந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள், நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள், எதைப் பறிகொடுத்தோம் என்று தெரியாதவர்களும் வந்து நின்றார்கள். பால்காரச் செல்லம்மாளுக்கு மாடு செத்ததற்கு ஆறு நொடி வந்தது, சிரிக்க வாயெடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தகப்பன் பாடையின் மேல் விழுந்து புரண்டு நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்த ஒருவனுக்கு அரை நொடி வந்தது, அவன் அன்றைக்கே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் எந்தச் சாவும் இல்லாத ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்குப் பதினான்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார், அவர் மனைவி அதன் பிறகு ஒரு வாரம் வரை எதுவும் கேட்காமல் அவருக்குப் பிடித்த குழம்பையே வைத்தாள். எங்கள் ஊரில் யாரும் அந்தப் பதினான்கைத் தாண்டவில்லை.

நாளாக நாளாக அது ஊர் நடைமுறையாகிவிட்டது. பத்துக்கு மேல் வந்தவர்களை ஊர்ப் பொதுவேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று கோயில் கூட்டத்தில் முடிவானது, பஸ்ஸில் அவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு எத்தனை நொடி என்று நாசூக்காகக் கேட்டார்கள். நொடி கூட வேண்டும் என்று ஒருத்தி இடுப்பில் குழவிக் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள், சிமெண்டுக்கே மசியாத வண்டி குழவிக்கா மசியும் என்று இளையப்பன் திருப்பி அனுப்பினார். பாவாயியின் புருஷன் நாச்சிமுத்து ராசிபுரத்திலிருந்து வந்து ஏறிப் பார்த்தார், சுத்தமாகப் பூஜ்யம், அதை அவர் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு வடை தின்றுவிட்டுப் போனார். இத்தனை பேரையும் ஏற்றி இறக்கியது வசந்தாமணிதான், தங்கமுத்து போன பிறகு அந்த ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. லோடு இல்லாத நாளில் இந்த வேலை எதற்கு என்று நாங்கள் கேட்டதுண்டு, ஆனால் ரோட்டின் நடுத்திட்டில் உட்கார்ந்து கனிஷ்கா வேடிக்கை பார்ப்பாள் என்பதற்காகத்தான் அவள் வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை தானாகவே வந்து ஏறினாள். அம்மாவும் மகளும் ஆறு மாசத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வசந்தாமணி கியர் போட்டுவிட்டு மகளைப் பார்த்தாள், மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள், வண்டி முக்கி முனகிக்கொண்டு கிளம்பியது, ஒன்பது நொடி காட்டியது. இறங்கும்போது கனிஷ்கா அந்த ஒன்பதை ஒரு தடவையும் அம்மாவின் முகத்தை ஒரு தடவையும் பார்த்தாள். எனக்கு இருக்கிறது, உனக்கு எங்கே என்று கேட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

ஆவணி வந்தது, திதியும் வந்தது. அய்யர் போன பிறகு இலை எடுக்கும் முன்பே பாவாயி எல்லோர் முன்னாலும், ஊரை அளந்தவளை இன்னும் யாரும் அளக்கவில்லையே என்று ஆரம்பித்தாள். வசந்தாமணி மகளைப் பார்த்தாள். அளக்கட்டும் என்றாள் கனிஷ்கா, ஒரு வருஷத்தில் அவள் அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வசந்தாமணி வேறு யாரையும் ஏற்றாமல் ஏறினாள். நாங்கள் நூறு பேராவது ரோட்டோரத்தில் நின்றோம். வண்டி போனது, திரும்பி வந்தது, இளையப்பன் ஏறிப் பார்த்துவிட்டு, துண்டால் மீட்டரைத் துடைத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சொல்லப் பிடிக்காமல் சொன்னார். பூஜ்யம். இன்னொரு நடை போகச் சொன்னார், இன்னொரு பூஜ்யம். சரி, தெரிந்ததுதானே என்பது போல ஒவ்வொருவராகக் கலைந்தோம். எங்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் குற்றம் இருக்கிறது. பத்து மூட்டை சிமெண்டுக்குக் கணக்குப் பார்த்த ஊர், அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

கொடுமை என்னவென்றால் அவளும் அதை நம்பிவிட்டாள்.

"அப்ப எனக்குள்ள ஒண்ணுமே இல்ல போலிருக்குதுங்ணா," என்றாள் இளையப்பனிடம். "அந்தப் பொட்டிக்கு என்ன, பொய்யா சொல்லப்போவுது."

மூன்றாம் நாள் காலையில் நாச்சிமுத்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். வசந்தாமணி கனிஷ்காவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், பள்ளிக்கூட மூட்டையை வைத்தாள், சைக்கிளை லாரியில் ஏற்றிக் கட்டினாள், பிறகு சாவியை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். அது அவள் அப்பாவின் வண்டி, அவளோடவே போகட்டும், எனக்கு அதில் உட்கார இனி தகுதி இல்லை என்றாள். நாச்சிமுத்து பழைய டிரைவர்தான், வாங்கிக்கொண்டு ஏறினார், கனிஷ்காவும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெருவில் மெதுவாக உருண்ட வண்டியோடு வசந்தாமணி பைபாஸ் முனை வரைக்கும் நடந்து வந்து அங்கே நின்றுகொண்டாள். பம்புக் கடை அந்த முனையில்தான், இளையப்பன் வாசலில் நின்றார், மீட்டரைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்புகூட அவருக்கு வரவில்லை.

சோனி வண்டிக்கு மிதிக்கிற மாதிரி நாச்சிமுத்து ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தார். லாரி கயிறு அறுத்துக்கொண்ட காளையாகப் பாய்ந்தது. அவர் சீட்டில் பின்னால் சாய்ந்து, ஐயோ என்று பிரேக்கைத் தேடி மிதித்து, அரைக் கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. மீட்டரில் பதினேழு இருந்தது, பதினேழுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடும் இருந்தது. இதுநாள் வரை அந்தக் கோட்டை யாரும் பார்த்ததில்லை.

கனிஷ்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து மாமாவுக்குப் பூஜ்யம். தனக்கு ஒன்பது. ஒன்பது கூடியிருக்க வேண்டிய இடத்தில் பதினேழு குறைந்திருக்கிறது. இந்த வண்டியிலிருந்து இறங்கியது ஒரே ஒரு ஆள், அந்த ஒரு ஆளோடு இருபத்தாறு நொடி இறங்கிப் போயிருக்கிறது. முதல் நாள் வெறும் வண்டி என்று சொல்லி இளையப்பன் மாமா அளந்தபோதே அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள், அதற்கப்புறம் ஏறிய அத்தனை பேருடைய துக்கமும் அவளுடையதற்கு மேலே வைத்துத்தான் அளக்கப்பட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்து குதித்து, செருப்பு ஒன்று ரோட்டில் கழன்று விழ, வந்த வழியே ஓடினாள்.

வசந்தாமணி விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். எதிரில் வந்து மூச்சு வாங்க நின்ற மகளை, என்ன மறந்துவிட்டாய் என்பதுபோலப் பார்த்தாள்.

"இருபத்தாறும்மா," என்றாள் கனிஷ்கா. "உனக்கு இருபத்தாறு."

அவளுக்கு விளங்கவில்லை. கடை வாசலில் நின்ற இளையப்பனுக்குத்தான் விளங்கியது. அவர் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பூஜ்யத்துலயே ஒக்கார வெச்சுட்டனே அம்மிணி உன்ன," என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து மாரப்பன் வந்தார், செல்லம்மாள் வந்தாள், வாத்தியார் வந்தார், கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் வந்துவிட்டது, விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போனது. நாச்சிமுத்து வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு விலகி நின்றார். கனிஷ்கா அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டின் நீளத்துக்கும் கூட்டிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏற்றினாள், சுற்றிவந்து தானும் ஏறிக்கொண்டாள், நாங்களும் பின்னாலேயே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்று வசந்தாமணி சாவியை முறுக்கினாள், முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டாள். எஞ்சின் இரைந்தது, புகை வந்தது, சக்கரம் அசையவில்லை. இன்னும் மிதித்தாள், மூன்றாவது தடவையும் மிதித்தாள், மலையில் கட்டிப்போட்ட மாதிரி நின்றது வண்டி. வண்டி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று தெரியாதவள்போல அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா அன்னிக்கி அழுவல?" என்று கேட்டாள் கனிஷ்கா.

வசந்தாமணி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அழுதா ரோடு தெரியாது கண்ணு. அப்பாவப் பின்னால படுக்க வெச்சிருந்தன். எங்கியாச்சும் கொண்டுபோய் இடிச்சுப்போட்டன்னா, உன்ற கண்ணுல அப்பா மொகத்தக்கூடக் காட்ட முடியாம போயிருமல்ல. ஊடு போய்ச் சேந்து அழுதுக்கலாம்னு அடக்கிக்கிட்டே வந்தன். வந்து சேந்தப்பறம் கூப்புட்டாலும் வரல."

கனிஷ்கா குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

"இப்ப ரோடு தெரிய வேண்டியதில்லம்மா," என்றாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேபினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அது அழுகை என்று தெரிவதற்கே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாரப்பன்தான் முதலில் திரும்பி நின்றார், அப்புறம் செல்லம்மாள், அப்புறம் நாச்சிமுத்து, அப்புறம் நாங்கள் அத்தனை பேரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நின்றோம். இளையப்பன் மட்டும் வண்டிக்குப் போய்க் கண்ணாடியிலிருந்து மீட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களோடு வந்து நின்றார். அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று யாரும் பார்க்கவில்லை.